இரண்டாம் மதிப்பீட்டாளருக்கு என் அக்கா சொன்ன பதில்

கோபம் வந்தால் அதை ஒரு தாளில் எழுதிக் கிழித்துப் போட்டுவிடுங்கள், மனம் லேசாகிவிடும் என்று என் மாணவர்களுக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. எழுதும் வேலையை நான் நன்றாகவே செய்தேன். கிழிக்கும் இடத்தில்தான் கோட்டை விட்டேன். கணினியில் எழுதியதைக் கிழிக்க முடியாது. அது ஒரு பெயரோடு ஒரு மூலையில் நம்மைவிடப் பொறுமையாக உட்கார்ந்திருக்கும்.

நான் சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், தெப்ராவ் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் சந்தைப்படுத்தல் துறை விரிவுரையாளர். அப்போது பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். (படித்துக்கொண்டிருந்தேன் என்பது மரியாதைக்காகச் சொல்வது. பதிவைப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை.) நான் சேர்ந்தபோது பாலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த என் மகள் யாழினி, இடைநிலைப் பள்ளிக்கே போய்விட்டாள். வீட்டுக்கு வரும் உறவினர்கள் "இன்னும் படிக்கிறியாம்மா?" என்று கேட்டால் அவள் பதில் சொல்ல மாட்டாள். கேள்வி யாருக்கு என்று அவளுக்குத் தெரியும்.

ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன்பு ஆய்விதழ் ஒன்றில் ஒரு கட்டுரையாவது ஏற்கப்பட்டிருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் விதி. அந்த ஆண்டோடு என் பதிவுக் காலம் முடிகிறது. பட்டம் இல்லாதவர்களுக்கு ஒப்பந்தத்தை நீட்டிப்பது கஷ்டம் என்று கல்லூரித் தலைவரும் புன்னகையோடு சொல்லியிருந்தார். அவர் புன்னகைத்ததுதான் என்னைப் பயமுறுத்தியது.

என் ஆய்வு இதுதான்: ரெங்கம் போன்ற சின்னப் பட்டணத்தில், குளிர்சாதன வசதியோடு பேரங்காடி வந்த பிறகும், ஜனங்கள் ஏன் பழைய மளிகைக் கடைக்கே போகிறார்கள்? இந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய அறிவுக் காரணம் எதுவும் கிடையாது. ரெங்கத்தில் எங்கள் அப்பா வைத்த மளிகைக் கடையை இப்போது என் அக்கா பார்வதி நடத்துகிறாள். கேள்வித்தாளை அங்கே வைத்தால் ஆட்கள் நிரப்பித் தந்துவிடுவார்கள். நிரப்பாதவர்களை அக்கா ஒரு பார்வை பார்ப்பாள். (ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு அந்தப் பார்வையைப் பற்றி நான் தெரிவிக்கவில்லை.)

வெளிநாட்டுச் சந்தைப்படுத்தல் ஆய்விதழ் ஒன்றுக்குக் கட்டுரையை அனுப்பினேன். எழுதியவர் யாரென்று மதிப்பிடுபவருக்குத் தெரியாது. மதிப்பிடுபவர் யாரென்று எழுதியவருக்குத் தெரியாது. இரண்டு பேரும் திரைக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு பேச வேண்டிய ஏற்பாடு. நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. முதல் மதிப்பீட்டாளர், "நன்று. சில எழுத்துப் பிழைகள் உள்ளன" என்று முடித்துக்கொண்டார். இரண்டாம் மதிப்பீட்டாளர் மூன்று பக்கம் எழுதியிருந்தார். அதில் பதினொரு குறைகள். பதினோராவது இப்படி இருந்தது: "கட்டுரையாளர் இத்தகைய கடை ஒன்றுக்குள் எப்போதாவது நுழைந்திருக்கிறாரா என்ற ஐயம் எழுகிறது."

முதல் பத்தையும் நான் தாங்கிக்கொண்டேன். பதினோராவது நெஞ்சில் மீன் முள்போல நின்றுவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நேராக ரெங்கத்துக்கு ஓட்டினேன்.

அக்கா பருப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும், "என்னாடி, யாரு என்னா சொன்னா?" என்றாள்.

"பேப்பர் திரும்பி வந்துடுச்சுக்கா. ஒரு ரிவியூவர் பதினொரு குத்தம் சொல்லியிருக்காரு. நான் மளிகைக் கடைக்குள்ள போயிருக்கேனான்னே சந்தேகமா இருக்காம்."

அக்காவின் கை நின்றது. "யாரு? நீயா? ஏழு கழுதை வயசு வரைக்கும் அந்த அரிசி மூட்டை மேலதானடி தூங்குன! வாயில எச்சி ஒழுகி மூட்டையே நனைஞ்சி போயிருக்கு. என்னா திமிரு பாரேன். யாரு அவன்?"

"தெரியாதுக்கா. பேரைச் சொல்ல மாட்டாங்க."

"பேரு சொல்லாம திட்டுறானா? அப்ப நானும் பேரு சொல்லாம திட்டுறேன். பொட்டிய தொறடி. நான் சொல்ல சொல்ல எழுது."

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். நான் படித்தவள், விரிவுரையாளர், பக்குவப்பட்டவள். அரிசி மூட்டை மேலேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன்.

அக்கா வியாபாரத்தை விடாமலே சொல்லிக்கொண்டு போனாள். நான் பள்ளிக்கூடத்தில் சொல்வதெழுதுதல் எழுதியதுபோல ஒரு சொல் விடாமல் தட்டினேன்.

"அவன் வாயில மண்ணு விழ! கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? கட்டையில போறவனே, ஒரு நாளு, ஒரே ஒரு நாளு இந்தக் கல்லாவுல வந்து உக்காந்து பாரு… அண்ணே, முட்டை அந்தப் பக்கம் இருக்கு… உக்காந்து பாத்துட்டு அப்புறம் பேசு!"

(முட்டையையும் சேர்த்தே தட்டினேன் என்பது பிறகுதான் தெரிய வந்தது.)

அவள் மூச்சு வாங்கிவிட்டு, குரலைக் கொஞ்சம் இறக்கி வேறு ஏதோ சொன்னாள். அதையும் தட்டினேன், ஆனால் காதில் வாங்கவில்லை. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் வயிறு வலிக்கச் சிரித்தேன். கோப்புக்கு 'உண்மையான பதில்' என்று பெயர் வைத்து மூடினேன்.

பிறகு வீட்டில் உட்கார்ந்து, இரண்டு வாரம் ஒழுங்கான பதிலை எழுதினேன். "மதிப்பீட்டாளரின் நுட்பமான கருத்துக்கு மிக்க நன்றி" என்ற வரி அதில் பதினொரு முறை வரும். அந்தக் கோப்பின் பெயர் 'பதில்'.

திருத்திய கட்டுரையை ஒரு வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். அன்று பார்த்துக் கல்லூரியில் தேர்வு. பிற்பகல் நான் கண்காணிப்பாளர். ஆசிரியர் அறையில் இணையம் வருவதும் போவதுமாக இருந்தது. ஆய்விதழின் இணையதளம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது: கட்டுரை எங்கே, அட்டவணை எங்கே, மதிப்பீட்டாளருக்குப் பதில் எங்கே? வினாத்தாள் கட்டை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு கையால் தேடினேன். திரையில் இரண்டு கோப்புகள் தெரிந்தன: 'பதில்', 'உண்மையான பதில்'. உண்மையானதை விட்டுவிட்டுப் பொய்யானதையா அனுப்புவார்கள் என்று என் படித்த மூளை ஒரு நொடியில் முடிவு செய்தது.

கடைசியாக ஒரு சின்னப் பெட்டி வந்தது. 'பதிவேற்றிய அனைத்தையும் நான் திறந்து சரிபார்த்துவிட்டேன்.' சரிபார்த்தேன் என்று குறியிட்டுவிட்டுத் தேர்வு மண்டபத்துக்கு ஓடினேன். மாணவர்கள் யாராவது பொய் சொல்கிறார்களா, பார்த்து எழுதுகிறார்களா என்று கண்காணிப்பதற்காக.

மறுநாள் சனிக்கிழமை. சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் கணவர் குமரேசனுக்கு விடுமுறை. யாழினியையும் அழைத்துக்கொண்டு ரெங்கம் போனோம். கடையில் நல்ல கூட்டம்.

"என்னா ஆச்சு உன் பேப்பரு?" என்று அக்கா எல்லாருக்கும் கேட்கும்படி விசாரித்தாள்.

"அனுப்பிட்டேன்க்கா!"

"எங்க, காட்டு பாப்போம். நம்ம கடைய பத்திதானே?"

பெருமையோடு கைப்பேசியில் திறந்து கொடுத்தேன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். திடீரென்று முகம் மலர்ந்தது.

"ஏய், தமிழ்ல எல்லாம் போடுவாங்களா? எனக்குத் தெரியாம போச்சே! 'அவன் வாயில மண்ணு விழ'… அடியே, இது நான் சொன்ன மாதிரியே இருக்கு!"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கைப்பேசியைப் பிடுங்கினேன். முதல் பக்கத்தில் மண். அடுத்து கழுதை, கற்பூரம், கட்டை. நடுவில் முட்டை. எல்லாவற்றுக்கும் மேலே ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து: மதிப்பீட்டாளர்களுக்குக் கட்டுரையாளரின் பதில்.

அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தேன்.

"அலமாக்," என்று தலையில் கைவைத்தார் குமரேசன், விஷயம் புரிந்ததும். பிறகு கணவருக்குரிய கடமையாக ஆறுதல் சொன்னார். "விடு சுமதி. அங்க யாருக்குத் தமிழ் தெரியப் போவுது? ஏதோ எழுத்துக் கோளாறுன்னு நெனச்சிக்குவாங்க லா."

"இல்லப்பா," என்றாள் யாழினி. "காப்பி பண்ணி ட்ரான்ஸ்லேட்டர்ல போட்டா தெரிஞ்சிடும்." சொன்னதோடு நில்லாமல் செய்தும் காட்டினாள். கைப்பேசி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. 'கட்டையில போறவனே' என்பதை 'மரத்துண்டின்மீது பயணம் செய்பவரே' என்று ஆங்கிலத்தில் அழகாக மொழிபெயர்த்துக் கொடுத்தது.

அக்காவுக்கு அப்போதுதான் நிலைமை உறைத்தது. "இதனால உன் வேலைக்கு ஒண்ணும் ஆவாதில்ல?" என்று மெதுவாகக் கேட்டாள். என் முகத்தைப் பார்த்து, வாடிக்கையாளர்களை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என் வாயாலதாண்டி," என்றாள். அன்று முழுவதும் அவள் யாரையும் திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை என் ஆய்வு நெறியாளர் பேராசிரியர் ரொஹானாவைப் பார்க்கப் போனேன். மலாய்ப் பெண்மணி; சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. நடந்ததைச் சொன்னேன்.

"சரி, அதில் என்ன எழுதியிருக்கிறது? எனக்கு மொழிபெயர்," என்றார்.

என் அக்காவின் திட்டை வரி வரியாக மலாயில் மொழிபெயர்க்கும் நாள் ஒன்று வரும் என்று நான் எந்த ஜாதகத்திலும் படித்ததில்லை. மண்ணைச் சொன்னேன். கழுதையைச் சொன்னேன். கட்டைக்கு வந்தபோது அவர் புருவத்தைச் சுருக்கினார்.

"கட்டை என்றால், படகா?"

"படகு இல்லை, பேராசிரியர். தகனம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றே நினைத்தேன். திரும்பியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உண்மையைச் சொல்லி ஆசிரியருக்கு எழுது. இப்போதே. சரியான கோப்பையும் சேர்த்து அனுப்பு. காரணம் சொல்லாதே, மன்னிப்பு மட்டும் கேள்," என்றார்.

அப்படியே செய்தேன். இதழாசிரியர் சுருக்கமாகப் பதில் எழுதினார்: கோப்புகள் மதிப்பீட்டாளர்களுக்கு ஏற்கெனவே சென்றுவிட்டன, இப்போது அனுப்பியதும் சேர்த்து அனுப்பப்படும். அதன்பிறகு ஆறு வாரம் ஒரு சத்தமும் இல்லை. கல்லூரி வாகன நிறுத்துமிடத்தில் காருக்குள் உட்கார்ந்து இரண்டு முறை அழுதிருக்கிறேன். ஏழு வருட வேலையை ஒரு பெட்டியில் இட்ட குறி காலி செய்துவிட்டதே என்று. வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அக்கா தினமும் தொலைபேசியில் அழைத்து, "சாப்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

கடைசியில் மின்னஞ்சல் வந்தது. நிராகரிப்பை எதிர்பார்த்து ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் திறந்தேன். முதல் மதிப்பீட்டாளர், "எழுத்துப் பிழைகள் குறைந்துள்ளன. ஒரு கோப்பின் மொழி எனக்குத் தெரியாது" என்று எழுதியிருந்தார். இரண்டாம் மதிப்பீட்டாளர் வழக்கம்போல எண் போட்டிருந்தார். முடிந்த அளவு அப்படியே தமிழில் தருகிறேன்.

"ஒன்று. கட்டுரையாளரின் இரண்டு பதில்களையும் படித்தேன். முதலாவதை ஒரு மொழிபெயர்ப்புச் செயலியின் உதவியோடு படித்தேன்.

இரண்டு. என் வாயில் மண் இடப்பட வேண்டும் என்பது ஆய்வுமுறை சார்ந்த பரிந்துரையா என்பதை விளக்கவும்.

மூன்று. கழுதைக்கும் கற்பூரத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிய கூற்றுக்கு ஆதார நூல் குறிப்பிடப்படவில்லை.

நான்கு. முட்டைகள் எந்தப் பக்கம் உள்ளன என்பது வாதத்துக்கு எவ்வகையில் வலுச்சேர்க்கிறது என்று புரியவில்லை."

அதுவரை படித்துவிட்டு மடிக்கணினியை மூடிவிட்டேன். பிறகு திறந்தேன். ஐந்தாவது நீளமாக இருந்தது.

"ஐந்து. அதே பதிலின் இறுதியில் ஒரு பத்தி இருக்கிறது. மொழிபெயர்ப்பு சரியென்றால் அதில் ஒருவர் இப்படிச் சொல்கிறார்: உப்பு வாங்க வருகிறவர்கள் உப்புக்காக வருவதில்லை, மூன்று நாள் வராவிட்டால் 'ஏன் காணோம்' என்று கேட்க ஓர் ஆள் வேண்டும், அதற்காக வருகிறார்கள், பேரங்காடியில் வந்தவர்களை எண்ணுவார்கள், வராதவர்களை யாரும் தேட மாட்டார்கள். இந்தக் கட்டுரையில் நான் தேடியது இதைத்தான். இது ஏன் கட்டுரைக்குள் இல்லை? இதைச் சொன்னவர் யார்? என் பெற்றோரும் சிறிய கடை வைத்திருந்தவர்கள். கடைக்குள் நுழைந்ததுண்டா என்று நான் கேட்டது இதனால்தான். கேட்ட விதம் கடுமையாக இருந்திருந்தால் வருந்துகிறேன்."

கீழே இதழாசிரியரின் முடிவு: பெரிய திருத்தங்களுடன் மீண்டும் அனுப்பலாம்.

நான் கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். வாடிக்கையாளரின் மனநிறைவை அளந்திருந்தேன். விலையை, தூரத்தை, அலமாரியின் ஒழுங்கைக்கூட அளந்திருந்தேன். எல்லாம் வந்த நாள்களைப் பற்றிய கேள்விகள். வராத நாளைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. அக்கா சொன்னபோது அதை என் விரல்களே தட்டியிருக்கின்றன, நான் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த வாரமே பதிவுக் கருவியோடு கடைக்குப் போனேன். இந்த முறை முறைப்படி. ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். அக்கா அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"என்னாடி இது?"

"நீ சொல்றத ஆராய்ச்சியில போட உன் சம்மதம் வேணும்க்கா. கையெழுத்து போடு."

"அன்னிக்கு திட்டுறப்ப ஃபாரம் கேக்கலியே?"

"அன்னிக்கு அது ஆராய்ச்சின்னு தெரியாதுக்கா."

கையெழுத்துப் போட்டாள். பிறகு பதிவுக் கருவியைப் பார்த்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, வானொலிச் செய்தி வாசிப்பவரைப் போல, "வணக்கம். வாடிக்கையாளர்கள் எமது கடைக்கு வருகை புரிவதற்கான காரணங்கள் யாதெனில்" என்று ஆரம்பித்தாள். அரை மணி நேரம் ஒன்றுக்கும் உதவாத செந்தமிழ். வேறு வழி தெரியாமல், "அக்கா, அந்த ரிவியூவர் நீ சொன்னதுக்கு ஆதாரம் இல்லன்னு சொல்றாரு" என்றேன். (முழுப் பொய் இல்லை. கழுதை விஷயத்தில் சொல்லியிருந்தார்.) அக்கா எழுந்து நின்றாள். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் தங்கம்.

மறுபடியும் கேள்விகள் தயாரித்து, பக்கத்துப் பட்டணங்களின் கடைகளுக்கும் போனேன். யோங் பெங்கில் ஒரு பெரியவர், "நான் ஒரு வாரம் வரலன்னா கடைக்காரரு வீட்டுக்கே ஆள் அனுப்புவாரும்மா" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அவர் மனைவி இறந்து தனியாக இருக்கிறாராம். அந்த அமைதியை எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று தெரியாமல் நானும் நின்றேன்.

இன்னும் இரண்டு சுற்று நடந்தது. இரண்டாம் மதிப்பீட்டாளர் எந்தச் சுற்றிலும் தாட்சண்யம் காட்டவில்லை. பதிவுக் காலம் முடியப் பதினெட்டு நாள் இருந்தபோது ஏற்புக் கடிதம் வந்தது. நான் முதலில் அழைத்தது அக்காவைத்தான்.

"ஏத்துக்கிட்டாங்கக்கா."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது. பிறகு, "அந்த ஆளு நல்லா இருக்கட்டும்டி. நான் சொன்னதெல்லாம் வாபஸ்னு எழுதிப் போடு" என்றாள்.

எழுதிப் போட அங்கே இடமில்லை. கட்டுரையின் இறுதியில், பெயர் தெரியாத இரண்டு மதிப்பீட்டாளர்களுக்கும், பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடைக்காரருக்கும் நன்றி சொல்லியிருக்கிறேன். (விரும்பாதவள் அல்ல. பல்கலைக்கழகம் அனுமதிக்கவில்லை. இதற்காக அக்கா பல்கலைக்கழகத்தின்மேல் வைத்திருக்கும் கோபம் தனிக் கதை.)

போன வருடம் அதே ஆய்விதழிலிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்தது. ஒரு கட்டுரையை மதிப்பிட முடியுமா என்று கேட்டிருந்தார்கள். நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்களைப் பற்றிய கட்டுரை. இரண்டாம் மதிப்பீட்டாளர் நான்தான். கட்டுரையில் நிறைய ஓட்டைகள். எனக்கு ஒரே உற்சாகம். எண் போட்டு எழுதிக்கொண்டே போய், பன்னிரண்டாவதாக, "கட்டுரையாளர் எப்போதாவது நாசி லெமாக் சாப்பிட்டிருக்கிறாரா என்ற ஐயம்" என்று தட்டிக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் கொண்டுவந்து வைத்த குமரேசன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். (மதிப்பீடு இரகசியமானது. என் வீட்டில் எதுவும் இரகசியம் இல்லை.) ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்:

"இத அவங்க அக்கா படிச்சா?"

அந்த வரியை அழித்துவிட்டு, "கட்டுரையாளருக்கு இந்த உணவோடு உள்ள பழக்கத்தை இன்னும் விரிவாக எழுதினால் கட்டுரை வலுப்பெறும்" என்று மாற்றினேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் யாரையும் நிம்மதியாகக் குறை சொல்ல முடிவதில்லை. சாம்பாரில் புளி கூடிவிட்டது என்று குமரேசன் ஆரம்பித்தாலும், யாழினியின் கணக்குத் தேர்வுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் மூச்சை இழுத்தாலும், வீட்டில் ஒரு குரல் கேட்கும்: "அக்கா படிச்சா?" கேட்டவுடன் எல்லாரும் குரலைத் தணித்து, நல்லதாக ஒரு வார்த்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் குறைக்கு வருவோம். ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. போன வாரம் வீட்டுக்கு வந்த பார்வதி அக்கா, என் சமையலை ஒரு வாய் வைத்துவிட்டு மொத்தக் குடும்பத்தையும் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னா எல்லாரும் என்னையே பாக்குறீங்க? எனக்கு அக்கா இல்ல. நான் சொல்லுவேன்."